தொட்டுப் பார்க்கலாம்

அது கடைவாய்ப் பல் என்று காவலாளி அன்றைக்கும் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். மருத்துவமனையின் முன்கூடத்தில், நடுவாந்தரமாக, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றுகொண்டிருந்த வெள்ளைப் பளிங்கைத்தான் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஊன்றுகோல் வைத்திருந்த ஒரு மனிதர். பல் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இடுப்பெலும்பு என்றார். தனக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தில் இதே வளைவு, இதே பள்ளம், அச்சு அசல் இதுதான் என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். காவலாளி விட்டுக்கொடுப்பதாக இல்லை. "பெரிய டாக்டர் ஆரம்பத்துல பல்லு டாக்டருங்க. அந்த ஞாபகத்துக்கு வச்சது" என்று ஒரே போடாகப் போட்டார். பெரிய டாக்டர் பிறந்ததிலிருந்து இதய மருத்துவர் என்று சொல்லத்தக்கவர். நாலைந்து நாற்காலி தள்ளி, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பளிங்கைச் செதுக்கியவள். அவள் குறுக்கே பேசவில்லை. ஆரம்பத்தில் ஒருமுறை எழுந்துபோய், "அது பல்லு இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "பின்ன என்னம்மா அது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதோடு சரி, பல்லாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள்தான் சிற்பி என்பது காவலாளிக்குத் தெரியாது. திறப்பு விழா நடந்தபோது அவர் வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை. அவருக்கு அவள் சர்வேயர் சாரின் வீட்டம்மா, அவ்வளவுதான். சர்வேயர் சார் வாழ்நாளெல்லாம் நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் கைவிரித்துவிட்ட பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் இங்கே வந்து, இயந்திரத்தோடு கட்டப்பட்டுப் படுத்திருந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகிறார். வண்டி வாசலில் நின்றதும், நெட்டையன் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஊழியர் சக்கர நாற்காலியோடு வந்து அவரை ஏற்றிக்கொள்வார். அவள் பக்கவாட்டில் இருக்கிற கவுண்டருக்குப் போய் வரிசையில் நிற்பாள். சீட்டு வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவர் உள்ளே போய்ப் படுத்திருப்பார். ஊசி குத்துவதைப் பார்க்க அவளுக்குத் திராணி கிடையாது. "நீ வெளியிலயே உக்காரு, இங்க வந்து என்ன பண்ணப்போற" என்று அவரும் சொல்லிவிட்டார். எனவே முன்கூடம்தான் அவளுக்குக் கதி. இப்படி ஒரு தண்டனை வேறு எந்தச் சிற்பிக்கும் கிடைத்திருக்காது. தான் செய்ததைப் பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு, மணிக்கணக்காக, வேறு போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் அது களிமண்ணாக இருந்தபோது ஒருவரும் அதைக் கண்டு முகம் சுளிக்கவில்லை. முதலில் தேங்காய் அளவுக்கு ஒரு மாதிரி செய்து, ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து மருத்துவமனை நிர்வாகக் கூட்டத்தில் காட்டினாள். பெரிய டாக்டர் கையில் வாங்கியவர் கீழே வைக்கவே இல்லை. மற்றவர்கள் செலவைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. தூங்குகிற பூனை என்றார் ஒருவர். இல்லை, மடி என்றார் இன்னொருவர். நிர்வாக அதிகாரி சின்ன வயதுப் பெண், படபடவென்று பேசுகிறவள். அவள் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "யாரோ தலையைக் கோதிவிடற மாதிரி இருக்கு மேடம்" என்றாள். கைக்குள் அடங்குகிற பொருளை மனிதர்கள் பரிவோடுதான் பார்க்கிறார்கள். அதே பொருள் வளர்ந்து அவர்களையே உள்ளே வாங்கிக்கொள்கிற அளவுக்கு நின்றால் பார்வை வேறாகிவிடுகிறது. அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. பாதி ஆயுளைக் கல்லோடு மல்லுக்கட்டிக் கழித்தவள். தெரிந்தும் ஏமாந்தாள்.

வீட்டில் முழு அளவிலும் மண்ணிலேயே செய்து பார்த்த பிறகு, பளிங்கு என்று முடிவெடுத்தது அவள்தான். வேலை நடந்தது வீட்டின் பின்புறத்தில், திறந்த வெளியில், வெயிலில். நாளெல்லாம் காய்ந்த கல் சாயங்காலம் அவள் உளியைக் கீழே வைக்கிற நேரத்தில் வெதுவெதுவென்று இருக்கும். காய்ச்சல் விட்ட உடம்பைத் தொட்ட மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பூனை அந்தப் பள்ளத்தில்தான் வந்து சுருண்டுகொள்ளும், விரட்டினாலும் போகாது. தூசி படிந்து, மங்கலாக, ஓரங்கள் எல்லாம் ஒன்றில் ஒன்று கரைந்த மாதிரி இருந்தது. அந்தச் சூட்டை நம்பித்தான், காத்திருக்கிறவர்கள் சும்மா வந்து கை வைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். 'தொட்டுப் பார்க்கலாம்' என்று பலகை ஒன்று வைத்தே ஆகவேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினாள். பிறகு மருத்துவமனையிலிருந்து சேதி வந்தது. தூசி தங்கக் கூடாது, தினமும் மருந்து போட்டுத் துடைக்க வேண்டும், வழவழப்பாக்கித் தாருங்கள் என்றார்கள். மணிக்கட்டு வீங்க வீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றினாள். கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, உச்சியில் இருந்த வெள்ளை விளக்குகளைப் போட்டதும் மேடெல்லாம் பளபளவென்று மின்னியது, பள்ளம் கருப்பாகிவிட்டது. அது போதாதென்று, இரவும் பகலும் ஏசி ஓடுகிற கூடத்தில் பளிங்கு எப்படி ஜில்லிட்டுப்போகும் என்று அவளுக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவள் யாரிடமும் கேட்கவில்லை.

பலகையைப் படித்துவிட்டு வந்து தொடுகிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கையை இழுத்துக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்து பார்த்தாள். குழந்தைகள் பரவாயில்லை, யானை உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிக் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு ஓடினார்கள். பெரியவர்கள்தான், அதிலும் கையில் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான், பக்கத்தில் வர வர நடையை மாற்றிக்கொண்டார்கள். காலையில் போகும்போது "எவ்ளோ நல்லா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுப் போன ஒரு பெண், மாலையில் அதே வழியாக வரும்போது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இடைப்பட்ட நேரத்தில் கல் எந்தப் பாவமும் செய்யவில்லை. ஒருநாள் மாடியில் தாயைப் பறிகொடுத்துவிட்டு இறங்கி வந்த ஒருவர், சாய்ந்துகொள்ள ஏதோ ஒன்று வேண்டும் என்பதைப் போல அந்தப் பளிங்கின்மேல் கையை ஊன்றினார். ஊன்றியவர் கையை எடுத்து உள்ளங்கையையே பார்த்தார். "அம்மா மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்ப மூன்று பேர் வர வேண்டியிருந்தது. 

அதற்குப் பிறகுதான் புகார்கள் எழுத்தில் வர ஆரம்பித்தன. நிர்வாக அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாள். சுற்றிலும் பூந்தொட்டி வைக்கலாமா, அடியில் மஞ்சள் விளக்கு போடலாமா, ஒரு இளஞ்சிவப்பு மாதிரி ஏதாவது வண்ணம் பூசினால் தப்பா என்று கேட்டாள். "மனுஷங்களுக்குப் பவுடர் பூசற மாதிரி கல்லுக்குமா?" என்றாள் சிற்பி. அப்படியானால் எடுத்துவிட வேண்டியதுதான் மேடம், நீங்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள் அந்தப் பெண். சிற்பியின் கையெழுத்தில்லாமல் சிற்பத்தை அசைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதே சர்வேயர்தான். எல்லைக்கல்லை ஆள் அசந்த நேரத்தில் நகர்த்திவிட்டு அப்பாவி மாதிரி நிற்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர் அவர். அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு அவள் மாசக்கணக்கில் தொங்கினாள். அந்தப் பெண் கூப்பிடும்போதெல்லாம் போவாள், தண்ணீர் குடிப்பாள், முடியாது என்று சொல்லிவிட்டு வருவாள்.

பிடிவாதத்துக்கு அவள் வெளியே சொன்ன காரணம் கலை, சுதந்திரம், ரசனை இத்யாதி. உள்ளே இருந்தது அதெல்லாம் இல்லை. நோய் வந்த புதிதில் சர்வேயர் மத்தியானத்தில் ஒருக்களித்துப் படுத்துத் தூங்குவார். முன்னெப்போதும் பகலில் கண்ணயராத மனிதர். அந்த முதுகின் வளைவு, தோளிலிருந்து இறங்கி இடுப்பில் மடங்குகிற விதம், அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, அப்படியே அந்த முதுகைத் தாங்கிக்கொள்கிற மாதிரி ஒரு இடம் செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஒருநாள் மூச்சுக்கூட விடாமல் நூலை வைத்து அளந்துகொண்டாள். அந்தப் பள்ளம் அவருடைய முதுகுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற பள்ளம். இதை அவரிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஊரெல்லாம் பல் என்று சொல்லட்டும், எலும்பு என்று சொல்லட்டும், அவர் ஒன்றுவிட்டு ஒருநாள் அதைக் கடந்து போகிறார், அவர் வந்து போகிற வரைக்குமாவது அது அங்கே நிற்கட்டும் என்பதுதான் அவள் கணக்கு. அவர் எதுவரை வந்து போவார் என்பதை அவள் யோசிப்பதில்லை. யோசனை அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்துபோய்க் குழாயில் முகத்தைக் கழுவிக்கொள்வாள்.

இன்னொரு நாள் கவுண்டரில் கூட்டமே இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு உடனே கூடத்துக்குத் திரும்பிவிட்டாள். சக்கர நாற்காலி இனிமேல்தான் வரவேண்டும். இதுவரை அவர் அந்தப் பளிங்கைக் கடப்பதை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒரு சின்னப் பெண்ணைப் போல ஆசையாக இருந்தது. கொஞ்சம் ஒதுங்கி, தூணோரமாக நின்றுகொண்டாள். ஊன்றுகோல்காரர் போனார், ஒரு குடும்பம் போயிற்று, தரை துடைக்கிறவர் பளிங்கைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார். நாற்காலி வரவில்லை. வாசலில் எட்டிப் பார்த்தால் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. பதறிப்போய் உள்ளே ஓடினாள். அவர் படுக்கையில் கண்ணை மூடிப் படுத்திருந்தார், குழாய்களில் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. நெட்டையன் அந்த அறையின் வாசலில் காலி நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கமா கூட்டிட்டு வந்தீங்க?"

நெட்டையன் நாற்காலியை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். "பின்னாடி பக்கமாம்மா. எப்பவும் அப்படித்தான். சார்தான் அப்படிப் போகச் சொன்னாரு." கொஞ்சம் தயங்கி, "உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னாரு. என்னைக் கோத்து விட்றாதீங்கம்மா" என்றார்.

அவள் அந்த வழியைப் போய்ப் பார்த்தாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, ஜெனரேட்டர் அறையைத் தாண்டி, அழுக்குத் துணிக் கூடைகள் அடுக்கிய சலவைப் பகுதியின் ஓரமாகப் போகிற வழி. டெட்டாலும் ஈரத் துணியும் கலந்த வாடை அடித்தது. கட்டடத்துக்குள் ஏறுகிற இடத்தில் சிமெண்டுச் சரிவு ஒன்று இருந்தது. துணி வண்டிகள் ஏறி இறங்கி அது குண்டும் குழியுமாகப் பெயர்ந்து கிடந்தது. ஒரு சலவைக்காரர் கூடையை ஏற்றிக்கொண்டிருந்தார், சக்கரம் ஒவ்வொரு குழியிலும் தூக்கிப் போட்டது. அவள் அந்தச் சரிவில் நின்றாள். முதுகு பிடித்துக்கொண்டது, முதுகு பிடித்துக்கொண்டது என்று அவர் முனகுவதைக் கேட்டு மெத்தையை மாற்றியிருந்தாள். அடியில் பலகை போட்டுப் பார்த்தாள். மெத்தைக் கடைக்காரனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினாள். வயதான காலத்தில் ஒரு மனிதன் இந்தச் சரிவில் ஒன்றுவிட்டு ஒருநாள் எலும்பெல்லாம் குலுங்க ஏறியிருக்கிறான், அவள் செய்த கல்லைப் பார்க்க வேண்டாம் என்பதற்காக.

திரும்பி வந்து படுக்கையோரம் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கண்ணைத் திறந்தார். அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததிலிருந்தே விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது.

"நெட்டையன் சொல்லிட்டானா?"

"நான்தான் கேட்டேன்."

"பாவம், நல்ல மனுஷன். இவ்ளோ நாள் வாயக் கட்டிட்டு இருந்ததே பெருசு."

இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த படுக்கையில் ஒருவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டாள், இழுக்க வேண்டிய அவசியம் இல்லை.

"உங்களுக்கும் அது எலும்பாத்தான் தெரியுதா?"

"எலும்பாத் தெரிஞ்சா நான் பாட்டுக்குப் போயிட்டு வந்துட்டு இருப்பேன். என் முதுகாத் தெரியுது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பாக்குற? ஊரெல்லாம் அளந்தவன் நான். என்னையே ஒருத்தர் அளந்தா எனக்குத் தெரியாதா? நீ நூல வச்சப்போ நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன். சிரிப்பு வந்துடுமோன்னு பல்லக் கடிச்சுட்டுப் படுத்திருந்தேன்." அவர் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் வந்துவிட்டுப் போயிற்று. "வீட்டுல மண்ணா இருந்துச்சு பாரு, அப்ப எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சு. நான் படுக்கறதுக்கு எடம் பண்றியாக்கும்னு நெனச்சேன். நீ இல்லாதப்ப போய்க் கை வைப்பேன். கை பதியும். இங்க கொஞ்சம் ஒதுக்கு, அங்க கொஞ்சம் சேருன்னு சொல்லலாம் போல இருக்கும். கல்லானதுக்கப்புறம் அது முடிஞ்சு போச்சு. அதுல இனிமே யாரும் படுக்க முடியாது. படுத்திருந்தவன் எந்திரிச்சுப் போயிட்டான்னு சொல்லிட்டு நிக்குது." மூச்சு வாங்கிக்கொண்டார். "நான் இன்னும் போகலயே. இங்கதான இருக்கேன்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு தேய்த்தது, தூசியில் மூச்சிரைத்தது, அந்தச் சின்னப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து தொண்டை வறளப் பேசியது எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தன. பிறகு அது அப்படியே உள்ளுக்குள் அமர்ந்துவிட்டது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. வளைவு அதே வளைவு. களிமண்ணிலிருந்து கல்லுக்கு மாற்றும்போது நூலிழை பிசகவில்லை, அதில் அவளுக்கு எப்போதும் கர்வம் உண்டு. வளைவைக் காப்பாற்றினால் எல்லாவற்றையும் காப்பாற்றியதாக நினைத்துவிட்டாள். மண்ணில் இருந்த அழைப்பு கல்லில் ஏறவில்லை. கல்லுக்கு வேறு ஒரு சேதி இருந்தது, கூடத்தில் வந்து போகிற அத்தனை பேரும் அதைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். அவள் ஒருத்திதான் அதில் இன்னும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்காக நீ அந்தப் பொண்ணுகூட மல்லுக்கு நின்னுட்டு இருந்த. நானும் வந்து எனக்கும் புடிக்கலன்னு சொல்லவா?"

உங்களுக்காகத்தான் நின்றேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லி இனி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்த அசதியில் அந்த வாக்கியத்தைத் தூக்கி நிறுத்தவே தெம்பு இல்லை. குழாய் இல்லாத கையைப் பிடித்துக்கொண்டு, இயந்திரம் நிற்கிற வரைக்கும் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

நிர்வாக அதிகாரி அவளைக் கண்டதும் வழக்கம்போலத் தண்ணீர் எடுத்து வைத்தாள், வழக்கமான பேச்சுக்குத் தயாராக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கையெழுத்துப் போட வந்திருப்பதாகச் சிற்பி சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இழுப்பறையைத் திறந்தாள், மூடினாள். "புதுசா புகார் எதுவும் வரலியே மேடம்" என்றாள்.

"வந்துச்சு" என்றாள் சிற்பி.

காகிதம் வந்தது, போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் அதை உடனே எடுத்து வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். "எனக்கு அந்தச் சின்ன மாதிரியைத்தான் மறக்க முடியல மேடம். அது எங்க இருக்கு?" என்று கேட்டாள். காய்ந்து வெடித்துவிட்டது, கரைத்துவிட்டேன் என்றாள் சிற்பி. களிமண்ணை அப்படித்தான் செய்வார்கள், மறுபடி உதவும். கல்லை எங்கே வைப்பீர்கள் என்று எழுந்துகொண்டே கேட்டாள். இப்போதைக்குப் பின்பக்கம்தான் இடம் இருக்கிறது, சலவைப் பகுதி பக்கத்தில், சரிவை ஒட்டி ஒரு மூலை சும்மா கிடக்கிறது, அங்கே யாரும் போவதில்லை என்றாள் அந்தப் பெண். சிற்பி ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தப் பெண் பயந்துபோய் இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினாள்.

கூட்டம் குறைவான ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கிலியும் கப்பியுமாக ஆட்கள் வந்தார்கள். அவள் போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் எந்த இடத்தில் பட்டை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று தெரியாமல் விளிம்பை உடைத்துவிடுவார்கள். எடுக்கப்போகிற கல்லாக இருந்தாலும் உடைய விட மனமில்லை. மருத்துவமனைக் கம்பளிகளை வாங்கி அவளே சுற்றிக் கட்டினாள். பளிங்கு தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியபோது மெல்லத் தானாகத் திரும்பியது, அத்தனை கனம் இருந்தும் கனமே இல்லாத ஒன்றைப் போல. கம்பளிக்குள் மேடும் பள்ளமும் மறைந்திருந்தன. தூக்குகிறவர்களில் ஒருவர், "உள்ள என்ன சாமி, ஆளா?" என்றார், மற்றவர்கள் சிரித்தார்கள். காவலாளி பக்கத்தில் வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு நின்றார். மேஸ்திரி அவளைச் 'சிற்பியம்மா' என்று கூப்பிட்டதைக் கேட்டிருந்தார்.

"நீங்க பண்ணதாம்மா இது? சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டுக்குப் பல்லு பல்லுன்னு சொல்லிட்டுக் கெடந்தேன்."

"பல்லுதான் நல்லா இருந்துச்சுங்க" என்றாள் அவள். உண்மையாகவேதான் சொன்னாள்.

அடுத்தமுறை வண்டி வாசலில் நின்றபோது நெட்டையன் பழக்க தோஷத்தில் நாற்காலியைப் பின்வழிக்குத் திருப்பினார். அவள் கைப்பிடியைத் தான் வாங்கிக்கொண்டாள். "சீட்டு அப்புறம் வாங்கிக்கலாம். இன்னைக்கு நான் தள்ளுறேன்" என்றாள். கல்லை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நெட்டையன்தான் சர்வேயருக்குச் சொன்னார். அந்தச் சரிவு பக்கத்திலேயே, சார், சலவைக்காரங்க ஈரப் போர்வையெல்லாம் அதுமேலதான் போடுறாங்க, வெயில் படுறதால சீக்கிரம் காயுதாம் என்றார். சர்வேயர் கேட்டுவிட்டுத் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பாயிற்று. "நான் ஓடி ஒளிஞ்ச வழியிலயே கொண்டுபோய் வச்சுட்டாங்களா? உன் கையெழுத்துக்கு நல்ல மரியாத" என்றார். அவர் இப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. அவளும் சிரித்தாள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, ஜில்லென்று காற்று முகத்தில் அடித்தது.

கூடம் அகலமாகத் தெரிந்தது. கல் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளிறிக் கிடந்தது, மருந்துத் தண்ணீர் படாத தரை. பலகையைக் கழற்றிய இடத்தில் இரண்டு திருகாணித் துளைகள். ரிப்போர்ட் உறையைக் கையில் வைத்திருந்த ஒரு பெண் நேராக வந்து, அந்த வெளிறிய தரைக்குச் சற்று முன்னால் ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனாள். கைபேசியில் பேசிக்கொண்டு வந்த ஒருவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அதே இடத்தில் அதேபோல ஒதுங்கினார். தரை துடைக்கிறவரின் துடைப்பான் பழைய வட்டத்தில்தான் போயிற்று. சர்வேயர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். நாற்காலியின் கையைத் தட்டினார்.

"இவங்கெல்லாம் எதுக்குச் சுத்திட்டுப் போறாங்க? அங்கதான் ஒண்ணும் இல்லியே. நீ நேராப் போ."

"நேராத்தான் போறேன்" என்றாள் அவள்.

நேராகத்தான் போனாள். லிஃப்ட் கதவைக் குறியாக வைத்துக்கொண்டு, குறுக்கே யாரும் இல்லாத தரையில், நிதானமாகத் தள்ளினாள். வெளிறிய தரை அவர் பாதத்துக்கு முன்னால் வந்தது. அவள் கைகள் அவளைக் கேட்கவில்லை. நாற்காலி லேசாகச் சாய்ந்து, அந்த இடத்தின் ஓரமாக வளைந்து, எதிலும் இடித்துவிடாதபடி ஜாக்கிரதையாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் திரும்பிப் பார்த்தார். தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, கைப்பிடியில் இருந்த அவள் விரல்களைத் தொட்டார்.